சாட்ஸ்வொர்த்தில் வீடு வாங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். பின்னால் பெரிய மாமரம், விலையும் எங்கள் கைக்கு எட்டுகிறது. பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் சொன்னார்கள்: சில வருடங்களுக்கு முன் கொள்ளையர்கள் புகுந்து, அங்கிருந்த தாத்தாவைக் கொன்றுவிட்டார்களாம். ஏஜென்ட் வாயே திறக்கவில்லை. இந்த நாட்டில் 2022 பிப்ரவரியிலிருந்து, விற்பவர் குறைகளை எழுதித் தரும் படிவம் கட்டாயம். எங்களுக்குத் தந்ததில் கூரை, குழாய், மின்சாரம் எல்லாம் இருக்கிறது. இந்தச் சாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. எனக்குப் பயமில்லை, அந்தத் தாத்தாவை நினைத்தால்தான் தாங்கவில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் குடியேறியவர்கள் இருக்கிறீர்களா? கிரகப்பிரவேசத்துக்கு முன் என்ன சாந்தி செய்தீர்கள்? விலையைக் குறைத்துக் கேட்கலாமா? வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் சொன்னால் பெரிய உதவி.