1963 எம்ஜிபி: முன் கார்ப், பின் கார்ப் ஒரே ஜோடியா?

நாலாம்கியர்:
1963 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சிசி. இஞ்சின் நம்பர் 18ஜி-னு தொடங்குது. இரட்டை எஸ்யூ கார்ப் (கார்புரேட்டர்). ஐடில் ஸ்க்ரூ ரெண்டையும் முழுசா தளர்த்தியும் ஐடில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதப்போ இஞ்சின் வேகம்) 1400 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்கலை. 1, 2 பிளக் வெளுத்திருக்கு, 3, 4 கரி. ஃப்ளோட் பவுல் (பெட்ரோல் நிக்கிற கிண்ணம்) மூடியில நம்பர் தகடு இல்லை. டாஷ்பாட் (கார்ப் மேல இருக்கிற, உள்ளே பிஸ்டன் ஏறி இறங்குற மூடி) கழற்றிப் பார்த்தா முன் நீடில் (பிஸ்டன் அடியில இருக்கிற, பெட்ரோலை அளக்கிற ஊசி) அசையாம நிக்குது, எம்பி-னு பொறிச்சிருக்கு, ஸ்பிரிங் நுனியில சிவப்பு. பின் நீடில் விரல் பட்டா ஆடுது, ஒருபக்கமா சாஞ்சு நிக்குது. அதுல மூணு எழுத்து, ஏஏ-ல ஆரம்பம். ஸ்பிரிங்ல நிறம் எதுவும் தெரியலை. இது என்ன கார்ப்? எதை மாத்தணும்?

டாஷ்பாட்:
பவுல் தனியா பக்கத்துல தொங்கி, அடியில பிளாஸ்டிக் குழாய் ஜெட்டுக்கு (நீடில் நுழையுற பெட்ரோல் குழல்) போனா எச்எஸ்4 மாடல், வாய் ஒன்றரை அங்குலம். பவுல் உடம்புக்குள்ளேயே அடங்கி, மிக்சர் ஸ்க்ரூ பக்கவாட்டுல இருந்தா எச்ஐஎஃப்4. அது 70-கள்ல வந்தது. நீங்க சொல்றது ரெண்டும் எச்எஸ்4 மாதிரிதான் தெரியுது, ஆனா ஜோடி இல்லை. 18ஜி இஞ்சினுக்கு எம்பி நீடில், சிவப்பு ஸ்பிரிங் சரி (ரிச், அதாவது பெட்ரோல் கூடுதலா வேணும்னா 6-ஆம் நம்பர் நீடில், லீன், அதாவது குறைவா வேணும்னா 21). ஸ்பிரிங் வெச்ச சாயும் நீடில் 60-களோட கடைசியில வந்தது. பின்னாடி இருப்பது யாரோ பிற்கால காரிலிருந்து கழற்றி மாட்டினது.

அப்படின்னா முதல்ல பார்க்க வேண்டியது அதோட த்ராட்டில் டிஸ்க் (காத்து வழியைத் திறந்து மூடுற தட்டு). 1968-க்கு அப்புறம் வந்த எமிஷன் (புகைக் கட்டுப்பாட்டு) கார்ப்கள்ல டிஸ்க்குலயே சின்னதா ஒரு ஸ்பிரிங் வால்வு இருக்கும், ஓவர்ரன்ல (ஆக்சிலரேட்டரை விட்டபிறகும் கார் ஓடும்போது) திறக்க. அந்த ஸ்பிரிங் தளர்ந்தா ஐடில்லயும் காத்து உள்ளே போகும். ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் ஐடில் இறங்காததுக்கு இதுதான் வழக்கமான காரணம். வால்வு இல்லாத டிஸ்க்கை மாத்துங்க. டிஸ்க் ஸ்க்ரூவை இறுக்குறதுக்கு முன்னாடி த்ராட்டிலை முழுசா மூடுங்க, டிஸ்க் தானா நடுவுல உக்காரும். பிறகு இறுக்கி, ஸ்க்ரூவோட பிளந்த நுனியை விரிச்சு விடணும். கழண்டா அது நேரா சிலிண்டருக்குத்தான் போகும்.

பிஸ்டனும் டாஷ்பாட்டும் சேர்த்துப் பொருத்தின ஜோடி. முன்னாடி உள்ளதைப் பின்னாடி மாத்திப் போட்டுப் பார்க்காதீங்க. பின் கார்பையே மாத்துறதா இருந்தா, உங்க காருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் வேக்குவம் குழாய் அதிலிருந்துதான் வருது. அந்த முனை இருக்கிற பாடியா பார்த்து வாங்குங்க.

பாயிண்ட்செட்:
கார்பைத் தொடுறதுக்கு முன்னாடி மத்ததை முடிங்க. டேப்பெட் (வால்வு) இடைவெளி 0.015 அங்குலம், இஞ்சின் ஆறியிருக்கும்போது. 9 கணக்கு, ரெண்டு வால்வு நம்பரையும் கூட்டினா 9 வரணும்: 8-ஆவது வால்வு முழுசா திறந்திருக்கும்போது 1-ஐச் செட் பண்ணணும், 7 திறந்தா 2. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016, பிளக் 0.025 அங்குலம். அம்பாசடரோட 1489 சிசியும் இதே பி சீரிஸ் குடும்பம், அதனால பழைய அம்பாசடர் மெக்கானிக் டேப்பெட் வரைக்கும் கண்ணை மூடிட்டுச் செய்வார். இரட்டை கார்ப் பேலன்ஸை (ரெண்டும் ஒரே அளவு காத்து இழுக்க வைக்கிறது) மட்டும் அவர்கிட்ட விடாதீங்க.

3, 4 கரிக்கு நான் சந்தேகப்படுறது பின் ஜெட். சோக்கை இழுத்து விட்டுட்டு, கீழே ஜெட்டை விரலால மேலே தள்ளிப் பாருங்க. ஏறுச்சுன்னா அது தானா திரும்பலைன்னு அர்த்தம்.

நாலாம்கியர்:
ரெண்டு பேர் சொன்னதும் சரி. டிஸ்க்ல வால்வு இருக்கு, ஸ்பிரிங் தொளதொளன்னு கிடக்கு. ஜெட் ஒரு மில்லிமீட்டர் கீழேயே நிக்குது. பின் கார்புக்கு எம்பி நீடில் பொருந்துற பிஸ்டனும் டாஷ்பாட்டும் ஜோடியா கிடைச்சிருக்கு. இனி வரிசை?

டாஷ்பாட்:
ஜெட்டை வெளியே எடுத்து 600 நம்பர் தாள்ல மெதுவா துடைச்சுப் போடுங்க. பிளாஸ்டிக் குழாய் விறைச்சு ஜெட்டைப் பிடிச்சா ஜெட்டையே மாத்தணும். முன், பின் ஜெட்கள் வேற வேற, குழாய் போற பக்கம் மாறும்.

நீடிலோட தோள் பிஸ்டன் அடிமட்டத்தோட சமமா இருக்கணும். அசையாத நீடில்னா ஜெட்டை நடுப்படுத்தியே ஆகணும்: லாக் நட்டைத் தளர்த்தி, பிஸ்டனைக் கீழே அழுத்தி, இறுக்குங்க. தூக்கி விட்டா பிரிட்ஜ்ல (ஜெட் வாய் இருக்கிற மேடு) 'டிக்'னு விழணும். ஜெட் மேலே இருக்கும்போதும் கீழே இறக்கினபோதும் அதே சத்தம் வரணும். இல்லேன்னா உரசுது, திரும்பப் பண்ணுங்க. வேலை முழுசுலயும் பொறுமை கேட்கிற இடம் இது ஒண்ணுதான்.

ஃப்ளோட் மூடியைத் தலைகீழாப் பிடிச்சு, லீவருக்கும் விளிம்புக்கும் நடுவுல 1/8 அங்குல டிரில் பிட் நுழையணும். டேம்பர்ல (டாஷ்பாட் நடுவுல, பிஸ்டன் வேகத்தைத் தணிக்கிற பாகம்) எஸ்ஏஇ 20 ஆயில். ஆக்சிலரேட்டரை மிதிச்சா இஞ்சின் திணறுறது ஆயில் குறைஞ்சதால இருக்கும். ஐடிலுக்கு அதுல சம்பந்தமில்லை.

பிறகு ஜெட்டைப் பிரிட்ஜ் மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஜெட் நட்டை 12 ஃப்ளாட் (நட்டோட ஆறு முகத்துல ஒண்ணு ஒரு ஃப்ளாட்), அதாவது ரெண்டு சுத்து, கீழே இறக்குங்க. ரெண்டு கார்ப்லயும் அதே அளவு. நல்லா சூடேத்துங்க. த்ராட்டில் ஷாஃப்ட் கிளாம்ப், சோக் இணைப்பு ரெண்டையும் தளர்த்தி, ஒரு ரப்பர் டியூப்பைக் காதுல வெச்சு ரெண்டு வாயிலயும் 'ஸ்ஸ்' சத்தம் ஒண்ணா வர்ற வரை ஐடில் ஸ்க்ரூவைத் திருப்புங்க. காத்து அளவி இருந்தா இன்னும் நல்லது.

மிக்சருக்கு (பெட்ரோல்-காத்து கலவை) லிஃப்டிங் பின், கார்ப் பக்கத்துல பிஸ்டனைத் தூக்குற சின்ன பின். பிஸ்டனை 1/32 அங்குலம் மட்டும் தூக்குங்க. ஆர்பிஎம் கொஞ்சம் ஏறி இறங்குனா சரி, ஏறி அங்கேயே நின்னா ரிச், இஞ்சின் சோர்ந்தா லீன். கூடுதலா தூக்கினா நல்ல மிக்சரும் லீன் மாதிரிதான் காட்டும். ஒரு நேரத்துல ஒரு ஃப்ளாட். கீழே ரிச், மேலே லீன். மூணு நிமிஷத்துக்கு மேல ஆனா 2500-ல ஒரு நிமிஷம் ஓட விட்டுட்டுத் தொடருங்க. மிக்சர் மாறினா பேலன்ஸும் மாறும், திரும்பப் பாருங்க.

பாயிண்ட்செட்:
இத்தனையும் பண்ணி ஐடில் அலைஞ்சா ஸ்பிண்டிலை (த்ராட்டில் டிஸ்க் மாட்டியிருக்கிற ஷாஃப்ட்) பிடிச்சு மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா அது வழியா காத்து போகுது, எந்த நீடில் போட்டாலும் ஐடில் நிக்காது. ஸ்பிண்டிலும் புஷ்ஷும் மாத்திட்டு, ஜெட் நட் 12 ஃப்ளாட்லேருந்து ஆரம்பிங்க.