மருத்துவக் கருவி செய்யும் சிறு நிறுவனம் எந்த அரசு மானியத்தை முதலில் கேட்க வேண்டும்?

கேள்வி: நொய்யற்கரை

அனைவருக்கும் வணக்கம். கோவையில் நாங்கள் மூவர் சேர்ந்து தொடங்கிய தனியார் நிறுவனத்திற்கு ஓராண்டு நிறைந்திருக்கிறது. மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரமும் பெற்றுவிட்டோம். வார்டில் நோயாளிக்கு டிரிப்ஸ் ஏறும்போது செவிலியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொட்டுகளை எண்ணி வேகத்தைச் சரிசெய்வதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணும் வேலையைத் தானே செய்து, சொட்டு நின்றாலோ பாட்டில் தீர்ந்தாலோ ஒலியெழுப்பும் சிறு கருவி ஒன்றை உருவாக்கி வருகிறோம்.

ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் சாதாரண டிரிப்ஸ் குழாய் செட்டில் கணக்கு சரியாக வருகிறது. 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில்தான் சிக்கல்: சொட்டு விழும் குப்பியின் உட்சுவரில் நீர்த்திவலை படிந்துவிட்டால் அகச்சிவப்பு சென்சார் தடுமாறி, விழாத சொட்டை எண்ணுகிறது, சில வேளை விழுந்ததை விட்டுவிடுகிறது. இதைத் தீர்க்கப் புதிய ஒளியியல் அமைப்பும், பிளாஸ்டிக் மோல்டும், அதன்பின் மருத்துவமனைச் சோதனையும் தேவை. சொந்தச் சேமிப்பு ஏறத்தாழக் கரைந்துவிட்டது.

நிதி-பிரயாஸ், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் பைராக் நிறுவனத்தின் பிக் மானியம், ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி, தமிழ்நாடு அரசின் டான்சீட் ஆகிய நான்கையும் பற்றிப் படித்தேன். இவற்றில் எதை முதலில் கேட்பது முறை? ஒன்றை வாங்கினால் மற்றொன்று தடைபடுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: இன்குபேட்டர் ஊழியர்

புதிய நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் இன்குபேட்டர் ஒன்றில் விண்ணப்பங்களைப் படித்துத் தரம்பிரிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். தொகையின் அளவை வைத்து வரிசையை முடிவு செய்ய வேண்டாம். ஒவ்வொரு திட்டத்தின் தகுதி விதிகளிலும் பிற திட்டங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி, 2021இல் 945 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் தொடங்கப்பட்டது. மாதிரிக் கருவி உருவாக்கவும் சோதிக்கவும் 20 லட்சம் வரை மானியமாகத் தருவார்கள். சந்தைக்குக் கொண்டுசெல்ல 50 லட்சம் வரை கடனாகவோ, பின்னர் பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரமாகவோ தருவார்கள். இதில் இரண்டு நிபந்தனைகள் உங்களை நேரடியாகத் தொடுகின்றன. விண்ணப்பிக்கும் நாளில் நிறுவனம் பதிவாகி 2 ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது. மேலும், வேறு மத்திய, மாநில அரசுத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் பணம் பெற்றிருக்கவும் கூடாது. போட்டிகளில் வென்ற பரிசுத் தொகையும், சலுகை வாடகையில் கிடைத்த இடமும், ஆய்வுக்கூட வசதியும் இந்தக் கணக்கில் சேரா.

ஆகவே 50 லட்சம் வரை தரும் பிக் மானியத்தை முதலில் வாங்கிவிட்டால் விதை நிதிக்கு நீங்கள் தகுதி இழப்பீர்கள். பிரயாஸ் 10 லட்சத்துக்குள் அடங்குவதால் அதனால் பாதகமில்லை. ஆனால் பிரயாஸுடன் டான்சீடையும் சேர்த்து வாங்கினால் வரம்பைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. டான்சீடில் பொதுவாக 10 லட்சமும், பெண்கள் தலைமையேற்கும் நிறுவனம் போன்ற சில வகைகளுக்கு 15 லட்சமும் தரப்படுகிறது. அதற்கு ஈடாக 3 விழுக்காடு பங்கு கொடுக்க வேண்டும் என்பதால் அதை முழு மானியம் என்று கருத முடியாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஒளியியல் அமைப்புக்குப் பிரயாஸைத்தான் கேட்பேன். வெறும் மென்பொருளுக்கு அதில் இடமில்லை; கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருளின் மாதிரியை உருவாக்குவதற்கென்றே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை இன்குபேட்டர்கள் வழியாக அதை நடத்துகிறது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் விதை நிதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். எந்த இன்குபேட்டரிடம் அந்த நிதி மீதமிருக்கிறது என்பதை இன்றே விசாரியுங்கள், ஏனெனில் பணத்தை வழங்குவது இன்குபேட்டர்தான். பிக் மானியத்துக்கு நிறுவனத்தின் வயது 5 ஆண்டுக்குள் இருந்தால் போதும் என்பதால் அது காத்திருக்கும். ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி 1 அன்றும் ஜூலை 1 அன்றும் அதற்கான அழைப்பு தொடங்கும். பெங்களூரு சி-கேம்ப், ஹைதராபாத் ஐகேபி போன்ற கூட்டாளி நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். திட்டக்காலம் 18 மாதம் வரை.

ஒரே வேலைக்கு இரண்டு இடங்களில் பணம் வாங்குவதை எந்தத் துறையும் ஏற்காது; அப்படி வாங்கவில்லை என்று உறுதிமொழியும் கேட்பார்கள். எனவே பிரயாஸில் ஒளியியல், விதை நிதியில் மோல்டு, பிக்கில் மருத்துவமனைச் சோதனையோடு ஒட்டிய ஆய்வு என்று வேலையைப் பிரித்து எழுதுங்கள்.

விண்ணப்பத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் பக்கத்தில் இந்திய மருத்துவச் சந்தையின் மதிப்பை எழுதுகிறார்கள். நிபுணர் குழு அதைக் கடந்து போய்விடும். குப்பிச் சுவரில் திவலை படிந்த படத்தையும், அந்த நேரத்தில் சென்சார் தந்த தவறான அலைவடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இதுவரை இருக்கும் கருவிகள் எங்கே தவறுகின்றன, உங்கள் அமைப்பு ஏன் தவறாது என்பது அந்த ஒரு பக்கத்திலேயே விளங்கிவிடும்.

மறுமொழி: பீளமேடு

மேலே சொன்ன வரிசையை நான் ஏற்கிறேன். மின்னணுக் கருவி செய்யும் சிறு நிறுவனம் நடத்துபவன் நான். மானியம் ஒப்புதலான பிறகு வரும் பாடுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பணம் தவணையாகத்தான் வரும். முதல் தவணையில் ஒப்புக்கொண்ட இலக்கை முடித்து, அறிக்கையும் செலவுக் கணக்கும் கொடுத்து, குழு பார்த்து ஒப்பிய பிறகுதான் அடுத்த தவணை. எங்களுக்கு ஒரு திட்டத்தில் இரண்டாம் தவணை வெகுவாகத் தாமதமாகி, சம்பளத்துக்குக் கைமாற்று வாங்க நேர்ந்தது. அதனால் இலக்குகளை எழுதும்போது உங்கள் கைக்குள் இருப்பதை மட்டும் எழுதுங்கள். "மருத்துவமனையில் சோதனை முடிக்கப்படும்" என்று எழுதினால், சோதனைக்கு ஒப்புதல் தரும் மருத்துவமனை நெறிமுறைக் குழு கூடுகிற நாள் வரை உங்கள் பணம் நிற்கும். "மைக்ரோ செட்டில், திவலை படிந்த நிலையில், ஆய்வுமேசையில் எண்ணிக்கைப் பிழை இந்த அளவுக்குள் இருக்கும்" என்று எழுதினால் அதை முடிப்பது உங்கள் பொறுப்பு மட்டுமே.

மானியத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வைக்கச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் சேரும் வட்டி உங்களுடையதன்று. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி அதை அரசுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். மானியம் உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் அதே விதிகளில் உள்ள 12-ஏ படிவத்தில் தயாராக வேண்டும். மூன்று கொட்டேஷன், பில், சரக்குப் பதிவேடு ஆகியவற்றை வாங்கிய அன்றே கோப்பில் போட்டு வையுங்கள். ஆண்டு முடிவில் தேட ஆரம்பித்தால் ஆராய்ச்சி நின்றுவிடும். மானியம் வருமான வரிக் கணக்கில் எப்படிக் காட்டப்பட வேண்டும் என்பதைப் பணம் வருவதற்கு முன்பே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள். கருவி வாங்கிய பகுதிக்கும் சம்பளத்துக்குச் செலவான பகுதிக்கும் கணக்கு வேறு.

மறுமொழி: பழைய கொள்முதல் அலுவலர்

நண்பர்கள் இருவரும் பணம் பெறும் வழியை நன்றாக விளக்கிவிட்டார்கள். கருவியை வாங்கப்போவது யார் என்பதையும் இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்காவில் 1982இல் சட்டமான சிறுதொழில் புத்தாக்க ஆராய்ச்சித் திட்டத்தில் முதற்கட்டம் கருத்தைச் சோதிக்கவும், இரண்டாம் கட்டம் பொருளை உருவாக்கவும் பணம் தருகிறது. மூன்றாம் கட்டத்தில் அந்தத் திட்ட நிதி கிடையாது. ஆனால் முந்தைய கட்டங்களில் தேறிய நிறுவனத்திடம் மீண்டும் போட்டி நடத்தாமலே அரசுத் துறைகள் நேரடியாக வாங்கலாம். நம் உயிரித் தொழில்நுட்பத் துறை 2005இல் ஏறக்குறைய அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. எனினும் அந்த மூன்றாம் கட்டத்தின் வலு நம் பொதுச் சுகாதாரத் துறைக்கு இன்னும் வந்து சேரவில்லை. பாதுகாப்புத் துறையில் மட்டும், 2018இல் சென்னை அருகே நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கிய ஐடெக்ஸ் திட்டம், மானியத்தைப் படைகளின் கொள்முதலோடு இணைக்க முயல்கிறது. மருத்துவமனைகளுக்கும் அத்தகைய வழி வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இப்போதைக்கு உங்களுக்கு உதவுவது பொது நிதி விதிகளின் 173ஆம் விதி. தரமும் தொழில்நுட்ப வரையறையும் நிறைவேறினால், அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு முந்தைய விற்றுமுதல், முன்அனுபவம் என்ற நிபந்தனைகளைத் தளர்த்தலாம் என்று அது சொல்கிறது. தளர்த்தலாம் என்பதுதான் சொல். தளர்த்தியே ஆக வேண்டும் என்றில்லை. அதனால் டெண்டர் அறிவிப்பு வருவதற்கு முன்பே, செவிலியர் கண்காணிப்பாளர்களிடமும் மயக்கவியல் மருத்துவர்களிடமும் கருவியைக் காட்டி, அவர்கள் கேட்கும் அளவுகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நொய்யற்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்குபேட்டர் ஊழியரிடம் இன்னும் ஒன்று கேட்க விரும்புகிறேன்: சோதனைக்காகச் சில கருவிகளை மட்டும் செய்து மருத்துவமனைக்குக் கொடுப்பதற்கும் உரிமம் வேண்டுமா?

இன்குபேட்டர் ஊழியர்

வேண்டும். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளின்படி, சோதனைக்காகச் சிறு எண்ணிக்கையில் தயாரிக்க எம்டி-12 படிவத்தில் விண்ணப்பித்து எம்டி-13 உரிமம் பெற வேண்டும். விற்பனைக்கான உரிமம் வேறு. பிரயாஸ் வேலை நடக்கும்போதே இதற்கான கோப்பைத் தொடங்குங்கள். மருத்துவக் கருவி நிறுவனங்களுக்கான தர மேலாண்மைத் தரநிலையான ஐஎஸ்ஓ 13485 முறைப்படி வடிவமைப்புப் பதிவுகளை இந்த வாரத்திலிருந்தே எழுதி வந்தால் உரிமத்துக்கும் பிக் விண்ணப்பத்துக்கும் அதே பதிவுகள் பயன்படும்.