ஆன்-கால் பட்டியலும் லீவும்: உங்கள் யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. ஆறு பேர் உள்ள சாஃப்ட்வேர் சப்போர்ட் டீமுக்கு ஆன்-கால் பட்டியல் (அவசர அழைப்பை எப்போது யார் எடுப்பது என்ற முறை) போடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு பர்ன்அவுட்டை (வேலை அழுத்தத்தால் வரும் சோர்வை) நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாகத்தான் சொல்கிறது. அதனால் ஆளைத் திருத்தாமல் பட்டியலைத் திருத்தப் பார்க்கிறோம்.

வரைவு இதுதான். ஒரு வாரம் ஒருவர் முதல் அழைப்பு, இன்னொருவர் துணை. பொறுப்பு மாறுவது புதன் காலை 11 மணிக்கு. திங்கள் வைத்தால் வார இறுதிக் குப்பையெல்லாம் புதியவர் தலையில் விழும். நள்ளிரவுக்கு மேல் அரை மணி நேரத்தைத் தாண்டி வேலையில் உட்கார்ந்தவர் மறுநாள் மதியம்தான் லாகின், யாரிடமும் கேட்க வேண்டாம். காம்ப்-ஆஃப் (கூடுதல் வேலைக்கு ஈடான லீவு) 15 நாளுக்குள் எடுத்தாக வேண்டும், சேர்த்து வைத்தால் காலாவதிதான் ஆகும். லீவுக்கு மூன்று நாள் முன்பே கையில் உள்ள டிக்கெட்டுகள் (பதிவான புகார்கள்) வேறு பெயருக்கு மாற வேண்டும். கடைசி மாலையில் கொடுத்தால் ஊருக்குப் போகிற பஸ்ஸிலேயே போன் வரும்!

இடிப்பது பி1, அதாவது உடனே பார்க்க வேண்டிய மிக அவசரப் புகார். பணப் பரிமாற்றம் நின்றால், அல்லது எல்லோருக்கும் லாகின் முடங்கினால் மட்டுமே பி1 என்று எழுதிவிட்டோம். ஆனாலும் ரிப்போர்ட் தாமதம்கூட பி1 ஆகவே வருகிறது, தூக்கம் போகிறது.

உங்கள் இடத்தில் பி1 புகாரின் அவசர நிலையைக் குறைக்கும் அதிகாரம் இரவில் யாரிடம்? ஆன்-காலில் இருப்பவரே குறைத்தால் கிளையன்ட் ஏற்கிறாரா? தீபாவளி, பொங்கலுக்கு ஒரே நேரத்தில் நாலு பேர் லீவு கேட்டால் எப்படிப் பிரிக்கிறீர்கள்? நடைமுறையில் ஓடும் பட்டியல் இருந்தால் கமெண்டில் போடுங்கள்.