மலேரியாக் காலத்தில உங்கட வீட்டில நடந்தது என்ன? மட்டக்களப்புப் படுவான்கரை, அம்பாறை ஆக்கள் எழுதுங்க

வட்டைக்காவல்:
2000 தை. வேளாண்மை குடலைப் பருவம், ஆனைக்கும் பண்டிக்கும் அப்பா காவல். எனக்கு பதினொரு வயசு, சோறு கொண்டு போறது என்ட வேலை. அண்டைக்குப் போய்ப் பரணுக்குக் கீழ நிண்டு கூப்பிடுறன், சத்தம் இல்ல. பரண் மட்டும் கிடுகிடெண்டு ஆடுது. பின்னால ஆனைதான் கால்ல முட்டுதெண்டு நினைச்சுச் சோத்துப் பொட்டலத்தப் போட்டுட்டு ஓடிட்டன். ஆனை இல்ல. மேல அப்பா. ரெண்டு சாக்கும் ஒரு படங்கும் போர்த்திக்கொண்டு நடுங்குறார், அந்த நடுக்கம்தான் மரத்தில இறங்கி வந்திரிக்கு.

மறுகா உடம்பு கொதிச்சு, வேர்த்துக் கொட்டி, எழும்பி இருந்து "பழஞ்சோறு இரிக்கா மனே" எண்டார். ஒண்டும் நடக்காத மாதிரி! ஒருநாள் விட்டு அதே நேரத்துக்குத் திரும்பவும்.

இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். நான் எழுத வந்தது மாத்திரை. குளோரோகுயின் மூண்டு நாள் விழுங்கினார், காய்ச்சல் விட்டுட்டு. காய்ச்சல் விட்ட பிறகும் விழுங்கச் சொன்ன பிறிமாகுயின் வயித்த எரிக்குதெண்டு நிப்பாட்டிட்டார். மலேரியாக்காரர் சைக்கிள்ல வந்து படலையில நிண்டு "அப்பா மாத்திரை முடிச்சாரா தம்பி?" எண்டு கேட்டவர். "ஓம், முடிச்சிட்டார்" எண்டன். ஏன் சொன்னன் எண்டு இண்டைக்கும் தெரியா. சித்திரைக்கு அப்பாவுக்குத் திரும்ப வந்திச்சு, வைகாசியில தங்கச்சிக்கும் வந்திச்சு. பிறகு ஓலைய இறக்கிக் கல்வீடு கட்டக்குள்ள வளையில சொருகியிருந்த பொட்டலம் விழுந்திச்சு. ஒன்பது மாத்திரை.

துறையடியான்:
தம்பி, அப்பாவில பிழை சொல்லாதீங்க. அந்த மாத்திரைய வெறும் வயித்தில போட்டா எரியும்தான். சாப்பிட்டுப் போடுங்க எண்டு நாங்க சொல்லுவம். சாப்பிட என்ன இருந்திச்சு அந்த நாளையில?

நான் அந்த சைக்கிள்காரன் இல்ல, ஆனா அதே வேலை. ஊரூராப் போய் விரல் குத்தி சிலைட்டில ரத்தம் எடுக்கிறது. ஒரு சிலைட்டில தடிப்பா ஒரு வட்டம், மெல்லிசா ஒரு இழுவை. காய்ஞ்ச பிறகு பென்சிலால இலக்கம். பேரெல்லாம் கொப்பியில. ஒருநாள் நாப்பது சிலைட்டோட ஆத்தைக் கடந்து வாறன், சண்டைக் காலம், சோதனைச் சாவடியில பெட்டியத் திறக்கச் சொன்னாங்க. ஒருவன் ஒரு சிலைட்டை வெயிலுக்குப் பிடிச்சுப் பார்த்தான், பேசாம வைச்சிட்டான். மறுகா கொப்பியப் பிரிச்சான். அக்கரை ஆக்கள்ட பேர், வயசு, வீட்டு அடையாளம், எல்லாம் வரிசையா. அவன்ட கண்ணில அது வேற பட்டியல். சிலைட்டைத் தந்திட்டு கொப்பிய எடுத்திட்டான்.

நாலு நாள் கழிச்சு ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வருது. 17ம் 31ம் பொசிட்டிவ். 17 ஆர்? 31 ஆர்?

இறக்காமத்து ராத்தா:
ரெண்டு பேரும் எழுதினதப் பார்த்தா சனம் மாத்திரை போடாததாலயும் கொப்பி துலைஞ்சதாலயும்தான் மலேரியா போகாம நிண்டதெண்டு ஆகுது. எங்கட ஆக்கள் சும்மாவா சுவருக்கு மருந்தடிக்க விடாம மறிச்ச? மலத்தியன் நாத்தம் தெரியுமா ஒங்களுக்கு? எங்கட உம்மா சட்டி பானையெல்லாம் முத்தத்தில கவுத்து, தொட்டில் புள்ளைய மாமி ஊட்ட அனுப்பிட்டுத்தான் கதவு திறப்பா. அடிச்சுட்டுப் போனா சுவரெல்லாம் வெள்ளைத் திட்டு. பெருநாள் வருகுது எண்டு அடுத்த கிழமையே அதுக்கு மேல களிமண் பூசிட்டா. நுளம்பு ரத்தம் குடிச்சிட்டு சுவர்லதான் இருக்கும், அதுக்குத்தான் மருந்து எண்டு வந்தவங்க ஒருத்தரும் சொல்லல்ல. சொல்லியிருந்தா பெருநாள் முடியப் பூசியிருப்பா.

இன்னொண்டு. சுனாமி முடிஞ்ச கையோட மலேரியா வரப்போகுதெண்டு வெளிநாட்டுக்காரன் எல்லாம் சொன்னான். கரையில இருந்து வந்த சொந்தக்காரர் ஒம்பது பேர் எங்கட ஊட்டு விறாந்தையில, ஆளுக்கொரு வலை. வரல்லயே! இலங்கை முழுக்க 2004ல 3,720 பேர், 2005ல 1,640. 2000ல ரெண்டு லட்சத்துக்கு மேல. அப்ப அது சுனாமிக்கு முந்தியே இறங்கிக்கொண்டுதான் இருந்த.

துறையடியான்:
ராத்தா, அது தானா இறங்கல்ல. இறக்கினது. சுவருக்கு மேல மண் பூசின வீடு எத்தினை எண்டு நாங்களும் எண்ணினம்.

மருந்துக்கடை அண்ணன்:
எனக்கு 1987ல் ஒருமுறை வந்தது. உன்னிச்சைப் பக்கம் மாமா வீட்டில் நின்றபோது. அவ்வளவுதான். ஆனால் இங்கே சில விஷயம் சொல்லியே ஆகவேண்டும். வட்டைக்காவல் தம்பியின் அப்பாவுக்கு வந்தது அநேகமாக வைவாக்ஸ் என்ற வகை மலேரியா. அந்தக் கிருமி ஈரலில் போய் உறங்கும். குளோரோகுயின் இரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும், உறங்குவதை எழுப்பாமல் கொல்ல பிறிமாகுயின்தான் வேண்டும். இப்போது 14 நாள் கொடுக்கிறார்கள். ஆனால் அதை ஆரும் தாங்களாக வாங்கிப் போடக்கூடாது, சிலரின் இரத்தத்தில் ஒரு நொதியம் குறைவு, அவர்களுக்கு அது சிவப்பணுவை உடைத்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. இரண்டாவது, "மலேரியா ஒழிஞ்சிட்டு" என்று இருக்காதீர்கள். உள்ளூரில் தொற்றிய கடைசி ஆள் 2012 ஒக்டோபரில். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அதே வருஷக் கடைசியில் மன்னாரில் ஸ்டெபென்சி என்ற புது நுளம்பைக் கண்டார்கள். பழைய நுளம்பு ஆறு வற்றும்போது மணலில் தேங்கும் தெளிந்த தண்ணியில் முட்டையிடும், இது கிணற்றிலும் தொட்டியிலும் இடும். ஆகவே கிணற்றை வலையால் மூடுங்கள், தொட்டியை மூடுங்கள். 1963ல் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் இருந்தது, கவனத்தைத் தளர்த்தினார்கள், 69ல் ஐந்து லட்சம் தாண்டியது. ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ போகிறவர்கள் போகமுன் மலேரியாத் தடை இயக்கத்தில் கேளுங்கள், தடுப்பு மாத்திரை இலவசம். திரும்பி வந்த பிறகும் சில கிழமை போடவேண்டும், பாதியில் விடக்கூடாது. காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் முதல் வார்த்தையாக எங்கே போய் வந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

ஏறாவூரான்:
அண்ணன் குறை நினைக்காதீங்க, இங்க ஆரும் மருந்து கேட்கல்ல. "முதல் வார்த்தையாச் சொல்லுங்க" எண்டீங்க, என்ட காக்கா சொன்னவர்தான். கனடா எண்டு கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் டோகோவில விட்டுட்டுப் போய், 2013ல எலும்பா வந்து சேர்ந்தார். மூணாம் நாள் காய்ச்சல். ஆசுபத்திரியில (பேர் வேணாம்) டெங்கு எண்டு ரெண்டு தரம் பார்த்தாங்க, இல்ல. டொக்டர் தங்கச்சி மாதிரி சின்னப்புள்ள, மலேரியாவைப் புத்தகத்தில மட்டும் கண்ட ஆள். கடைசியா பென்சன் எடுக்கக் கிட்டின ஒரு ஆய்வுகூடத்து ஐயாதான் சிலைட்டைப் பார்த்திட்டு ஒண்டும் பேசாம எழும்பி வெளிய போனார். காக்காவுக்கு என்னமோ ஆகிட்டு எண்டு நான் நடுங்கிப்போனன். அவர் போனது மத்தவங்களக் கூட்டிவர. "ஓடி வாங்க, ஃபல்சிபாரம் மலேரியா, மோதிரம் மாதிரி இரிக்கி, இனிக் காண ஒண்ணா" எண்டு. ஏழெட்டுப் பேர் வரிசையில நிண்டு கண்ணை வைச்சுக் காக்காட ரத்தத்தப் பாத்தாங்க. ஒரு புள்ள போனில படமும் எடுத்திச்சு. சிரிப்புத்தான் சத்தம். நான் கதவடியில நிண்டன். காக்கா தப்பிட்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனா அந்த வரிசை கண்ணுக்குள்ள நிக்குது.

இறக்காமத்து ராத்தா:
அவங்க சிரிச்சது சந்தோசத்தில மகன், காக்காவப் பாத்து இல்ல.

ஏறாவூரான்:
தெரியும் ராத்தா. இருந்தாலும்.

வட்டைக்காவல்:
துறையடியான் அண்ணை, 17, 31 எந்த வருஷம்? எங்கட வீட்டில ஒருக்கா ரெண்டு கிழமைக்குள்ள ரெண்டு தரம் விரல் குத்தினாங்க. ஏனெண்டு சொல்லல்ல. அம்மா கேட்டதுக்கு, முதல் எடுத்தது காணாதெண்டு மட்டும் சொன்னவங்க.

துறையடியான்:
2000 வைகாசி. எல்லா வீட்டையும்தான் திரும்பக் குத்தினம் தம்பி. காணாதெண்டுதான் சொல்லச் சொன்னாங்க.