பழைய பேப்பர், அட்டை எடுக்கிறவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரை கீழமாசி வீதிப் பக்கம் மொத்தக் கடைகளில் அட்டைப்பெட்டி எடுத்து, பேல் கட்டி (அழுத்திப் பெரிய கட்டாக்கி), உடுமலைப் பக்கம் கிராஃப்ட் மில்லுக்கு, அதாவது பழைய அட்டையைக் கூழாக்கிப் பழுப்புக் காகிதம் செய்கிற ஆலைக்கு, அனுப்புகிறோம். இப்போது ஒரு பெரிய அப்பார்ட்மெண்டிலும் கூப்பிடுகிறார்கள். தினமும் 100 கிலோவுக்கு மேல் குப்பை சேருகிற இடம் என்பதால், 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலிருந்தே அவர்களுக்குப் பொறுப்பு அதிகம். பிரித்துக் கொடுக்க வேண்டும், யாரிடம் கொடுத்தோம் என்பதையும் காட்ட வேண்டும் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் நாங்கள் எழுதிக் கொடுக்கிற எடைச் சீட்டு போதாதாம். ஜிஎஸ்டி பில் போதுமா, இல்லை மாநகராட்சியில் தனியாகப் பதிவு செய்ய வேண்டுமா? செய்தவர்கள் இருந்தால் என்னென்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.

அப்புறம், விதியில் பிரித்துக் கொடு என்று இருக்கிறதே தவிர, வருவதென்னவோ சாம்பார் ஊறின அட்டைதான். மில்லில் ஈரம் பார்த்து எடை கழித்துவிடுகிறார்கள், எண்ணெய்க் கறை இருந்தால் லோடையே திருப்பியும் விடுகிறார்கள், அந்த நஷ்டம் முழுக்க எங்கள் தலையில். குடியிருப்போடு ஒப்பந்தம் போடும்போது இதற்கு எப்படி எழுதுவது? மாதிரி இருந்தால் அனுப்புங்கள்.

டீக்கடை பேப்பர் கப்பும் கலந்து வருகிறது. பிளாஸ்டிக் பூசிய கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை, ஆனாலும் நிற்கவில்லை. கூழாக்கும்போது அந்தப் பூச்சு தனியாகப் பிரிந்து தொல்லை கொடுப்பதால் எங்கள் மில் தொடுவதில்லை. வாங்குகிற இடம் தெரிந்தால் ஊர்ப் பெயரையாவது சொல்லுங்கள், விலை நாங்களே பேசிக்கொள்கிறோம்.