'சரி' என்னும் சொல்லின் வழக்குகள்: உதவி வேண்டுகிறேன்

அன்புடையீர், வணக்கம். கொழும்பில் தமிழைப் புதிதாகக் கற்போருக்காக 'சரி' என்னும் சொல்லின் பயன்பாடுகளைத் தொகுத்து வருகிறேன். உடன்பாடு, பிழையின்மை, சமம் ஆகிய பொருள்களும், 'வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி' போன்ற தொடர்களும் எளிதில் கிடைத்துவிட்டன. ஆனால் இங்கு 'யார் சரி வந்தார்களா?' என்றால் யாராவது வந்தார்களா என்றே பொருள். சிங்களத்தில் 'ஹரி' என்னும் சொல்லும் ஒப்புதலைக் குறிப்பதோடு 'கவுருஹரி' என்பதில் 'யாராவது' என்னும் பொருளையும் தருவதால், இவ்வழக்கு அங்கிருந்து வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். 'சரியான வெயில்' என்பதோ தமிழகத்திலும் உண்டு, ஆகவே அதை அவ்வாறு கொள்ள இயலாது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் ஆகிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள், தங்கள் வீட்டுப் பேச்சில் 'யார் சரி', 'என்ன சரி' ஆகியவை வழங்குகின்றனவா என்பதை முழு வாக்கியத்துடனும் ஊர்ப்பெயருடனும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.