அமெரிக்க ராக் குழுவான பேர்ட்ஸின் முதல் ஆல்பம் உங்கள் காதுக்கு வந்தது எப்படி? ரசிகர்கள் மூவர் சொல்கிறார்கள்.

எனக்குக் கிட்டார் வகுப்பில்தான் அறிமுகம். பன்னிரண்டு தந்தி கிட்டார் எப்படி ஒலிக்கும் என்று கேட்டேன். வாத்தியார் ஒன்றும் விளக்கவில்லை, அந்த ஆல்பத்தின் ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பாட்டின் முதல் சில நொடிகளைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தார். குழுவின் கிட்டார்காரர் ரோஜர் மக்வின்னின் ரிக்கன்பேக்கர் கிட்டார். அதில் ஒவ்வொரு தந்திக்கும் பக்கத்திலேயே ஒரு ஜோடி உண்டு. தடித்த நான்குக்கும் அந்த ஜோடி ஒரு ஸ்தாயி மேலே இருக்கும். ஒரு சுரத்தைத் தொட்டாலே இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பது போல மினுங்குவது அதனால்தான். போதாததற்கு ஒலிப்பதிவில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஷன் வேறு. சுரம் சட்டென்று அடங்காமல் இழுத்து நிற்கிறது.

பீட்டில்ஸ் நடித்த படத்தில் அவர்களின் கிட்டார்காரர் ஜார்ஜ் ஹாரிசன் கையில் பார்த்துத்தான் மக்வின் அந்தக் கிட்டாருக்கு மாறினார். அப்புறம் பாருங்கள், இதே ஆல்பத்தின் ‘த பெல்ஸ் ஆஃப் ரிம்னி’யில் வரும் கிட்டார் இழையை வைத்து ஹாரிசன் ‘இஃப் ஐ நீடட் சம்ஒன்’ பாட்டைக் கட்டினார். கொடுத்த கடன் வட்டியோடு திரும்பியது! என்னைக் கேட்டால் ஆல்பத்தின் உச்சம் ரிம்னிதான். வேல்ஸ் நிலக்கரிச் சுரங்க மக்களைப் பற்றி இட்ரிஸ் டேவிஸ் எழுதிய கவிதை, நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரின் மெட்டு. அத்தனை கசப்பான வரிகளை இவ்வளவு இனிமையாகப் பாடலாமா என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

*

நான் பாப் டிலன் பக்கமிருந்து வந்தவன். ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ அவர் எழுதியது. அவர் நான்கு சரணம் பாடிய பாட்டில் இவர்கள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டரை நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். முதலில் கடுப்புதான் வந்தது. ஆனால் 1965-இல் அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் முதலிடம் பிடித்தது இந்தச் சின்ன வடிவம்தான். அதில் குழுவிலிருந்து வாத்தியம் வாசித்தவர் மக்வின் ஒருவரே. டிரம்ஸில் ஹால் பிளேய்ன், பேஸில் லாரி நெக்டெல், எல்லாம் கூலிக்கு வந்த ஸ்டுடியோ ஆட்கள். ஆல்பத்தின் மற்ற பாட்டுகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் குழுவே வாசித்தது. தாளம் அங்கங்கே கொஞ்சம் தளர்கிறது. எனக்கு அந்தத் தளர்ச்சிதான் பிடிக்கிறது.

*

ஜீன் கிளார்க்கை யாருமே சொல்லவில்லையே! ஆல்பத்தின் பன்னிரண்டு பாட்டில் நான்கு டிலனுடையவை, சரி. ஐந்து பாட்டில் கிளார்க்கின் கை இருக்கிறது. மூன்று தனியாக எழுதியவை, இரண்டு மக்வின்னோடு சேர்ந்து. மேடையில் டாம்பரினைத் தட்டிக்கொண்டு நின்ற மனிதர்தான் குழுவின் முதன்மைப் பாடலாசிரியர். ஒரு பிரிவுக்குப் பிறகு நண்பர் ஒருவர் ‘ஐ வில் ஃபீல் எ ஹோல் லாட் பெட்டர்’ பாட்டை அனுப்பினார், நான் உள்ளே வந்தது அப்படித்தான். ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை, பாட்டு மட்டும் ஒட்டிக்கொண்டது.

கடைசிப் பாட்டு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிரிட்டிஷ் பாடகி வெரா லின் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பாடிய ‘வீ வில் மீட் அகெய்ன்’ இங்கே எதற்கு? கேலியா, நிஜமாகவே பாடுகிறார்களா? உங்களுக்கு எப்படிக் கேட்கிறது?